தண்ணீரைக் குறைக்காதீங்க, பெரியம்மா

கல்யாணத்துக்குக் கிளம்பும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. பேருந்து ஏறுவதற்கு முன்னால், வந்தாலும் வராவிட்டாலும், ஒரு தடவை பின்கட்டுக்குப் போய்விட்டு வருவது. மண்டபத்தில் கழிவறை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்ட பிறகே நாற்காலியில் உட்காருவது. பழைய நூல்புடவையைக் கிழித்து நாலாக மடித்து உள்ளே வைத்துக்கொள்வது. தும்மல் வரும்போல இருந்தால் சட்டென்று ஒரு காலின்மேல் இன்னொரு காலைப் போட்டுக்கொள்வது.

அறுபதைத் தாண்டிய பெண்கள் எத்தனையோ பேர் சிறுநீர்க் கசிவை இப்படித்தான் வருஷக்கணக்காகச் சமாளித்து வருகிறார்கள். யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணும் இதையேதான் செய்கிறார் என்பது தெரியாது.

காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையில் எனக்குப் பெரியம்மா முறையாகும் ஒருவர் ஒரு சாயங்கால டீயின்போது இதைச் சொன்னார். மகன் குழித்தறியில் உட்கார்ந்து நெய்ய, இவர் வாசலையொட்டிய அறையில் தாரில் நூல் சுற்றிக் கொடுப்பவர். "இருமினா நனைஞ்சிடுது கண்ணு. வயசாயிடுச்சில்ல, இனிமே என்ன பண்றது?" தறிச் சத்தம் இருக்கிற வரைக்கும்தான் பேசினார். மகன் மிதியை நிறுத்தினால் அவரும் நிறுத்திக்கொண்டார்.

அன்றைக்கும், பிறகு வந்த டீ நேரங்களிலும் அவர் கேட்டதற்கெல்லாம் நான் சொன்ன பதில்கள்தான் இந்தப் பத்தி. நான் மருத்துவர் இல்லை. உடல்நலம் பற்றிப் படித்தும் கேட்டும் எழுதுகிறவள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரியம்மா செய்துவந்த காரியங்களில் இரண்டு உண்மையிலேயே நல்லவை. காலைக் குறுக்கே போடுவதும், துணி வைப்பதும். கழிவறை எங்கே என்று பார்த்து வைப்பதில் கெடுதல் ஒன்றுமில்லை. மற்ற இரண்டும், அதாவது தண்ணீரைக் குறைப்பதும் வராதபோதே போய்விட்டு வருவதும், கசிவை மெல்ல மெல்லக் கூட்டுகிறவை. இத்தனை வருஷம் கஷ்டப்பட்டு எடுத்துக்கொண்ட முயற்சியே தனக்கு எதிராக வேலை செய்திருக்கிறது என்று கேட்டபோது அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் இதில்தான் நம்பிக்கையும் இருக்கிறது. நாமாகப் பழக்கியதை நாமாகவே மாற்றிப் பழக்கலாம்.

சிறுநீர்ப்பை தசையால் ஆனது. சாதாரணமாக 300 முதல் 500 மில்லி வரை தாங்கும். பாதி நிறையும்போதே மூளைக்கு முதல் தகவல் போய்விடும். இப்போது வேண்டாம் என்று மூளை சொன்னால் பை தளர்ந்து இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கும். இந்தப் பையையும் கர்ப்பப்பையையும் மலக்குடலையும் கீழேயிருந்து தாங்குவது இடுப்புத் தளத் தசைகள். அடிவயிற்றின் முன்னெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரைக்கும், நாடாக் கட்டிலில் நாடா பின்னியதுபோலக் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. பிரசவங்களில் அவை இழுபடுகின்றன. பெற்ற கையோடு குடம் தூக்கப் போனவர்களுக்கு இன்னும் அதிகம். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து சிறுநீர்த் துவாரத்தைச் சுற்றியுள்ள சதையும் மெலிகிறது. நாடா தொய்ந்துபோனால் கட்டிலை நாம் தெருவில் போடுவதில்லை, இழுத்துக் கட்டுகிறோம்.

வயது கூடக் கூட இந்தத் தொந்தரவு பலருக்கு வருகிறது என்பது உண்மை. வயதானால் இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பது உண்மையில்லை.

பெரியம்மாவிடம் இரண்டு கேள்வி கேட்டேன். இருமினால், தும்மினால், சிரித்தால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் கசிகிறதா? ஆமாம் என்றார். ஒண்ணுக்கு வருது என்று தெரிந்ததும் எழுந்து போவதற்குள் வந்துவிடுகிறதா? "அதுவும் உண்டு. குழாயத் தொறந்து தண்ணி சத்தம் கேட்டாலே வந்துடுது." முதலாவது, அழுத்தத்தால் வரும் கசிவு. வயிற்றுக்குள் அழுத்தம் திடீரென்று ஏறும்போது கீழேயுள்ள தசையால் வாயை இறுக்கிப் பிடிக்க முடிவதில்லை. இரண்டாவது, அவசரக் கசிவு. பை நிறைவதற்கு முன்பே அதன் தசை தானாகச் சுருங்கிவிடுகிறது. வயதான பெண்களில் பலருக்கு இரண்டும் கலந்துதான் இருக்கும்.

வேறு இரண்டு வகையும் உண்டு. நீண்ட நாள் சர்க்கரை நோயால் நரம்பு மரத்து, பை நிறைந்திருப்பதே தெரியாமல் வழிந்து சொட்டுவது ஒன்று. அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது, டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்றில் பையும் தசையும் நன்றாகவே இருக்கும், முட்டிதான் ஒத்துழைக்காது. எழுந்து, ஊன்றி, கொல்லைக் கடைசிக்கு நடந்து, குந்துவதற்குள் காரியம் முடிந்துவிடும். இவர்களுக்கு மருந்தைவிட முக்கியம், சுவரில் ஒரு கைப்பிடியும் உட்காரும் வசதியுள்ள கழிவறையும்.

கசிவு உயிரை எடுக்கிற நோய் இல்லை. அதனால்தான் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அது எடுத்துக்கொள்வது வேறு. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள், காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்தி வரதர் தரிசனம் நடந்தது. நாடெங்கிலுமிருந்து வந்து மணிக்கணக்காக வரிசையில் நின்றார்கள். நடந்தே போகும் தூரத்தில் இருந்த பெரியம்மா போகவில்லை. கால் வலி என்று வீட்டில் சொன்னாராம். உண்மையில், அந்த வரிசையில் நடுவே வந்துவிட்டால் எங்கே போவது என்ற பயம். 1979இல் புதுப்பெண்ணாகப் போய்ப் பார்த்தவர் அவர். நாற்பது வருஷத்துக்கு ஒருமுறைதான் இந்தத் தரிசனம், அடுத்தது 2059இல். இதை அவர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று மாதப் பயிற்சியில் பெரும்பாலும் அடங்கக்கூடிய ஒன்றுக்காக அவர் அதை இழந்திருக்க வேண்டியதில்லை.

இனி தண்ணீர். குடிப்பது குறைந்தால் சிறுநீர் மஞ்சளாக அடர்ந்துபோகும். அடர்ந்த சிறுநீர் பையின் உட்சுவரை உறுத்தும். உறுத்தினால், கொஞ்சம் சேர்ந்ததுமே அவசரம் வரும். இன்னொரு பக்கம் மலம் இறுகும். இறுகிய மலம் முன்னாலிருக்கும் பையை அழுத்தும், முக்கி முக்கித் தளத் தசையும் தளரும். கிருமித் தொற்று எளிதில் பிடிக்கும். தொற்று வந்தால் கசிவு இன்னும் கூடும். காஞ்சிபுரத்துச் சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்து மயங்கி விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறோம். ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு டம்ளர், அதாவது ஏறக்குறைய ஒன்றரை லிட்டர், மோர், டீ எல்லாம் சேர்த்து, தேவைப்படும். ஒரே மூச்சில் ஒரு செம்பு குடிக்காமல் நாள் முழுக்கப் பிரித்துக் குடிக்க வேண்டும். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே குறைத்துக்கொள்ளலாம். இதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ டாக்டர் தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான்.

"டீயை விடச் சொல்லிடாத கண்ணு" என்று முன்கூட்டியே கையெடுத்துக் கும்பிட்டார் பெரியம்மா. விடச் சொல்லவில்லை. டீயிலும் காபியிலும் இருக்கும் காஃபின் சிலருக்குப் பையைச் சீண்டி அவசரத்தைக் கூட்டும், சிலருக்கு ஒன்றும் செய்யாது. ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிக்கிறவர் இரண்டாகக் குறைத்து, ஒரு வாரம் கவனித்துப் பார்த்தால் தன் உடம்பு எந்த வகை என்று தெரிந்துவிடும். சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகு மட்டும் வேண்டாம்.

அடுத்தது, வராதபோதே போவது. எப்போதாவது நீண்ட பயணத்துக்கு முன்னால் என்றால் தப்பில்லை. அரை மணிக்கொரு தரம், முக்கால் மணிக்கொரு தரம் என்று ஆகிவிட்டால், கொஞ்சம் நிறைந்ததுமே காலி செய்யப் பை பழகிவிடுகிறது. பிறகு அந்தக் கொஞ்சத்தையே தாங்க மாட்டேன் என்கிறது. இதை மறுபடி பழக்கும் முறைக்குச் சிறுநீர்ப்பைப் பயிற்சி என்று பெயர். மருந்து தேவையில்லாதது, காசு செலவில்லாதது. பொறுமை மட்டும் வேண்டும்.

தினசரிக் காலண்டரில் கிழித்த தாளை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். ஒண்ணுக்குப் போகும்போதெல்லாம் ஒரு வட்டம், பக்கத்தில் மணி. கசிந்தால் ஒரு பெருக்கல் குறி. தண்ணீரோ டீயோ குடித்தால் ஒரு கோடு. மூன்று நாள் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இது கைவரும். புடவைக் கரையில் புட்டா எத்தனை என்று மனக்கணக்காக வைத்திருப்பவர்களுக்கு வட்டமும் கோடும் ஒரு பெரிய காரியமா?

தாளைப் பார்த்தால் எத்தனை நேரத்துக்கு ஒருமுறை போகிறோம் என்று தெரியும். பெரியம்மாவுக்கு முக்கால் மணி. முதல் வாரம் அதை ஒரு மணியாக்க வேண்டும். அது பழகியதும் இன்னும் கால் மணி. இப்படி ஏற்றி ஏற்றி இரண்டரை, மூன்று மணி நேரம் வரை கொண்டுபோகலாம். குறைந்தது ஆறு வாரம் ஆகும். இரண்டு நாள் முன்னேறி ஒரு நாள் பின்வாங்கும். அதில் பயப்பட ஒன்றுமில்லை.

நடுவில் அவசரம் வந்தால்? ஓடக்கூடாது. நாம் எல்லோரும் செய்வது அதைத்தான், அந்த ஓட்டத்தின் குலுக்கலில்தான் பாதி வழியில் போய்விடுகிறது. இருந்த இடத்தில் நின்றுகொள்ளுங்கள், முடிந்தால் உட்காருங்கள். கீழ்த்தசையை ஐந்தாறு தடவை வேகமாக இறுக்கி இறுக்கி விடுங்கள். அந்தத் தசை இறுகும்போது, சுருங்காதே என்று பைக்கு நரம்பு வழியாகத் தகவல் போகிறது. கூடவே நூறிலிருந்து தலைகீழாக எண்ணுங்கள், அல்லது மனப்பாடமான ஒரு பாசுரத்தைச் சொல்லுங்கள். அவசரம் உச்சத்துக்கு ஏறித் தானே இறங்கும். இறங்கியபின் நடந்து போங்கள்.

அந்தத் தசை எது, அதை எப்படி இறுக்குவது என்பதுதான் இந்த விஷயத்தின் மையம். இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். நாலு பேர் நடுவில் காற்றுப் பிரியாமல் அடக்குவோமே, அப்படிப் பின்பக்க வாயை மேல்நோக்கி இழுங்கள். அந்த இழுப்பை அப்படியே முன்பக்கம், சிறுநீர் வரும் இடம் வரைக்கும் கொண்டுவாருங்கள். உள்ளே ஏதோ ஒன்று மேலே ஏறுவதுபோலத் தெரியும். வயிறு இறுகக்கூடாது, தொடை சேரக்கூடாது, பிட்டம் தூக்கக்கூடாது, மூச்சைப் பிடிக்கக்கூடாது. வாயால் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினால் மூச்சு தானாக ஓடும். யோகாசனம் பழகியவர்களுக்கு மூலபந்தம் என்றால் உடனே புரியும், ஏறக்குறைய அதே இடம். சரியாகச் செய்கிறோமா என்று சந்தேகம் இருந்தால், குளிக்கும்போது சுத்தமான விரலை உள்ளே வைத்துப் பார்க்கலாம். விரலைச் சுற்றி இறுகி உள்ளே இழுத்தால் சரி. வெளியே தள்ளினால் தப்பு, முக்குகிறோம் என்று அர்த்தம்.

முதலில் மூன்று விநாடி இறுக்கி, அதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் தளர்த்துங்கள். தளர்த்துவதும் பயிற்சியில் பாதி. இப்படி எட்டு தடவை, காலை, மதியம், இரவு என மூன்று வேளை. வாரங்கள் போகப் போகப் பத்து விநாடி வரை நீட்டலாம். ஒவ்வொரு வேளையின் முடிவிலும் பத்து வேகமான இறுக்கங்கள். படுத்துப் பழகியபின் உட்கார்ந்து, அப்புறம் நின்று. மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். ஒரு மாதத்தில் பலனில்லை என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்திப் பழகு என்று சிலர் சொல்வார்கள். அதைப் பயிற்சியாக்க வேண்டாம். பை முழுதாகக் காலியாகாமல் போகும். இறுக்கும்போது வலித்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ கேளுங்கள்.

இது புதுசாக யாரோ கண்டுபிடித்துச் சொல்கிற வைத்தியமில்லை. அர்னால்ட் கீகல் என்ற அமெரிக்கப் பெண்நோய் மருத்துவர் 1948இல் எழுதியது. அதனால்தான் உலகமெங்கும் கீகல் பயிற்சி என்கிறார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் வெளியான காக்ரேன் தொகுப்பு, அழுத்தக் கசிவுள்ள பெண்களில் இந்தப் பயிற்சியைச் செய்தவர்கள் 100 பேரில் 56 பேர் குணமானதாகச் சொன்னார்கள் என்கிறது. செய்யாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 6 பேர்.

"அதெல்லாம் சின்ன வயசுப் பொண்ணுங்களுக்கு. இந்த வயசுல சதை கேக்குமா?" என்றார் பெரியம்மா. பிறகு அவரே, "நம்ம ஊர்க் கதைல வர்ற கிழவிக்காவது ஆழ்வார் கிடைச்சாரு" என்றார். ஓரிக்கைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். திருமழிசை ஆழ்வார் இருந்த இடத்தைக் கூட்டி மெழுகிப் பணிவிடை செய்த ஒரு கிழவி, தள்ளாமையால் அந்தப் பணி முடியாமல் போகிறதே என்று வருந்தினாள். ஆழ்வார் அவளுக்கு இளமையைத் தந்தார். அரசன் அவளை மணந்துகொண்டு, தனக்கும் இளமை வேண்டுமென்று ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனை நெருக்கினான். அவர் மறுக்க, நாட்டைவிட்டுப் போகச் சொன்னான். சீடரோடு ஆழ்வாரும், ஆழ்வாரோடு பாயைச் சுருட்டிக்கொண்டு பெருமாளும் கிளம்பி வந்து ஓர் இரவு தங்கிய ஊர் இது.

அந்தக் கதையில் எனக்கு மனசில் நிற்கிற இடம் வரம் கொடுத்தது இல்லை. உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு கிழவியைப் பார்த்து ஒருவர் கேட்டாரே, அதுதான். ஓபி வரிசையில் பிரஷர் கேட்கிறார்கள், சர்க்கரை கேட்கிறார்கள். அடக்க முடிகிறதா அம்மா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. முதியோருக்கென்று தனி மருத்துவம் வேண்டும் என்ற எண்ணமே நம் நாட்டில் பிந்தித்தான் வந்தது. டாக்டர் வ.செ. நடராசன் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கான தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கியது 1978இல்.

சதை கேட்கும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. 1998இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், வயதான பெண்களுக்கு ஒரே ஒரு உத்தியைச் சொல்லிக்கொடுத்து ஒரு வாரம் கழித்துச் சோதித்தார்கள். இருமுவதற்கு ஒரு நொடி முன்னால் கீழ்த்தசையை இறுக்கிப் பிடித்து, இருமி முடிக்கும் வரை விடாமல் இருப்பது. அவ்வளவுதான். ஒரே வாரத்தில் கசிவு பெருமளவு குறைந்தது. ஒரு வாரத்தில் தசை பலப்பட்டுவிடாது, சரியான நேரத்தில் இறுக்கக் கற்றுக்கொண்டதே போதுமானதாக இருந்தது. பெரியம்மா காலைக் குறுக்கே போட்டது பாதி உத்தி. கூடவே உள்ளே இறுக்கினால் அது முழு உத்தி. குடம் தூக்கும் முன், நாற்காலியிலிருந்து எழும் முன், தும்மும் முன், முதலில் இறுக்கு, பிறகு செய்.

நான் மிகவும் முக்கியமாக நினைப்பது இனி வருவது. நமக்குப் பக்கத்தில், வங்கதேசக் கிராமங்களில், 60 முதல் 75 வயது வரையிலான பெண்களைக் குழுக்களாகச் சேர்த்துப் பிசியோதெரபிஸ்ட்டுகள் இந்தப் பயிற்சியை நடத்தினார்கள். 2019இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் முடிவு வந்தது. குழுவாகப் பயிற்சி செய்த கிராமங்களின் பெண்களிடம் மற்ற கிராமங்களைவிடக் கசிவு நன்றாகக் குறைந்திருந்தது. அவர்களும் வயலில் உழைத்தவர்கள், பல பிள்ளை பெற்றவர்கள், இதைப் பற்றி வெளியே பேசாதவர்கள். அடுத்த ஆண்டு வெளியான ஒரு கனடா ஆய்வு, 60 வயதைத் தாண்டிய 362 பெண்களைப் பாதியாகப் பிரித்து, பாதிப் பேருக்குத் தனித்தனியாகவும் மீதிப் பேருக்குக் குழுவாகவும் பன்னிரண்டு வாரம் சொல்லிக்கொடுத்தது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் கசிவு ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்திருந்தது. தனியாக ஒரு நிபுணரை அமர்த்த வசதியில்லாதவர்கள் ஒன்றும் இழப்பதில்லை.

நெசவுத் தெருவுக்குக் கூடிச் செய்வது புதிதல்ல. விடிகாலையில் தெருவில் பாவு நூலை நீட்டி விரித்தால், சொல்லாமலே பக்கத்து வீட்டுக்காரர்கள் கைகொடுக்க வருவார்கள். கோர்வைப் புடவைக்கு ஒரு தறியில் இரண்டு பேர் வேண்டும். அப்படிப்பட்ட தெருவில் நாலு பெரியம்மாக்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு திண்ணையில் உட்கார்ந்து எட்டு தடவை இறுக்கி விடுவது நடக்கக்கூடிய காரியம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு நாலு பேர் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் தெரியும். பெரியம்மா முதலில் தன் நாத்தனாரிடம் மட்டும் சொன்னார். "உனக்குமா?" என்று அவர் திருப்பிக் கேட்டாராம்.

ராத்திரி விஷயம் தனி. இரண்டு மூன்று தடவை எழுந்து இருட்டில் தடவிக்கொண்டு போய், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறித்துக்கொண்டவர்கள் உண்டு. நெசவு வீடுகளில் இதற்கு ஒரு கூடுதல் காரணம் இருக்கிறது. குழித்தறியில் காலைக் குழிக்குள் தொங்கவிட்டு நாள் முழுக்க மிதிக்கிறவருக்கும், ஒரே இடத்தில் உட்கார்ந்து ராட்டை சுற்றுகிறவருக்கும் சாயங்காலத்துக்குள் காலில் நீர் இறங்கி வீங்கிவிடும். ராத்திரி படுத்ததும் அந்த நீர் ரத்தத்தில் திரும்பிக் கலந்து சிறுநீராக வெளியே வரப் பார்க்கும். அதனால் மதியம் ஒரு மணி நேரம், காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும். அந்த நீர் பகலிலேயே பிரிந்துவிடும். வீக்கம் இரண்டு காலிலும் நாள்தோறும் இருந்தால் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பரிசோதித்துக்கொள்ளவும் வேண்டும். படுக்கைக்கும் கழிவறைக்கும் நடுவே ஒரு சின்ன விளக்கு விடிய விடிய எரியட்டும். தூரம் அதிகமென்றால் கட்டில் பக்கத்தில் பிடிமானமுள்ள நாற்காலிக் கழிவறை ஒன்று வைத்துக்கொள்வதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

உடம்பு கனமாக இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உதவும். 2009இல் வந்த அமெரிக்க ஆய்வொன்றில் ஆறு மாதத்தில் உடல் எடையில் 8 சதவீதம் குறைத்தவர்களுக்குக் கசிவு பாதியளவுக்குக் குறைந்தது.

துணி வைப்பதைப் பற்றி. நூல்புடவைத் துணி மென்மையானது, நீரை உறிஞ்சும், நல்லதுதான். ஈரமானதும் மாற்ற வேண்டும். நன்றாக அலசி, வெயிலில் காயப்போட வேண்டும். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கட்டிலடியிலும் கதவிடுக்கிலும் காயவைப்பதால்தான் அரிப்பும் படையும் வருகின்றன. மற்ற துணிகளுக்கு நடுவே ஒரு கொடியில் போட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்? அந்த இடத்தைச் சோப்புப் போட்டுத் தேய்க்காமல் வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, லேசாகத் தேங்காயெண்ணெய் அல்லது வாசலின் தடவிக்கொண்டால் புண் வராது. கடையில் வாங்கும் மாதவிடாய் நாப்கின் ரத்தத்துக்கென்று செய்தது, சிறுநீரை அவ்வளவு வேகமாகப் பிடிக்காது. பயணத்துக்கு, கோயிலுக்கு என்றால் பெரியவர்களுக்கான டயப்பர் எடுத்துக்கொள்ளலாம். விலைதான் அதிகம். மாதவிடாய் நாப்கினுக்கு 2018 ஜூலையில் ஜிஎஸ்டியை நீக்கினார்கள். பாட்டிகளின் டயப்பருக்கு அந்த விலக்கு கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

மாத்திரைகளையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பெரியம்மாவுக்கு இருமல் எங்கிருந்து வந்தது என்று தேடியதில், பிரஷருக்குச் சாப்பிடும் எனலாப்ரில் மாத்திரை அகப்பட்டது. எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். இருமல்தான் கசிவைக் கொண்டுவந்தது. டாக்டரிடம் சொன்னதும் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார். நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் காலையில் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் சிறுநீர் அதிகமாகப் போகும், பயிற்சி மட்டும் செய்து பயனில்லை. எந்த மாத்திரையையும் தானாக நிறுத்தக்கூடாது.

இவையெல்லாம் வீட்டில் செய்யக்கூடியவை. வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்கக்கூடாதவை சில உண்டு. சிறுநீரில் ரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், வயிறு முட்டியும் நீர் பிரியாமல் இருப்பது, கால் மரத்துப் பலவீனமாவதோடு திடீரென்று தொடங்கும் கசிவு, கர்ப்பப்பை எடுத்த ஆபரேஷனுக்குப் பிறகு இரவும் பகலும் ஓயாமல் ஒழுகுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கீழே ஏதோ இறங்கி வருவதுபோல, உட்கார்ந்தால் தட்டுப்படுவதுபோல இருந்தால் அது கர்ப்பப்பை இறக்கமாக இருக்கலாம். எல்லோருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. உள்ளே வைத்துத் தாங்கும் வளையம் ஒன்று இருக்கிறது. சதை மெலிந்து எரிச்சல் இருப்பவர்களுக்கு உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு உதவும். அவசரக் கசிவுக்கு மாத்திரைகளும் உண்டு. ஆனால் அவற்றில் பழைய வகைகள் வயதானவர்களுக்கு வாய் வறட்சி, மலச்சிக்கல், சில நேரம் மனக்குழப்பம் வரைக்கும் கொண்டுபோகும் என்பதால் பயிற்சியைச் சரியாகச் செய்து பார்த்தபின் அந்தப் பக்கம் போவது நல்லது.

ஓரிக்கையிலிருந்து காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனை பக்கம்தான். அங்கே போவதற்கும் முன்னால் ஒரு வழி உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷர், சர்க்கரை மாத்திரைகளோடு பிசியோதெரபியையும் வீடு தேடிக் கொண்டுவருகிறார்கள். முட்டி வலிக்கென்று வரும் அந்தப் பிசியோதெரபிஸ்ட்டிடமே, இடுப்புத் தளத் தசைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கலாம். இருமினால் கசிகிறது, போவதற்குள் வந்துவிடுகிறது என்று நேராகச் சொல்லிவிட்டால் அவர்களுக்குப் புரிந்துவிடும். சுற்றி வளைக்க வேண்டியதில்லை.

டாக்டரிடம் போகும்போது மூன்று நாள் காலண்டர் தாள்களையும் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். சிறுநீர்ப் பரிசோதனையும் சர்க்கரைப் பரிசோதனையும் எழுதுவார்கள். ஸ்கேன் எழுதினால், சிறுநீர் கழித்த பிறகும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பை முழுதாகக் காலியாகிறதா, உள்ளே தேங்குகிறதா என்று அப்போதுதான் தெரியும். தேங்குகிறது என்றால் மருந்தும் முறையும் வேறு.